மஞ்சள் கடுதாசிக்கு முடிவுத் தேதி வேண்டும்

கடன் தாங்காமல் ஐ.பி. கொடுத்தவரைப் பற்றி நம் கடைத்தெருவில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும்: மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் கைக்கு இனி எந்தக் காசு வந்தாலும் அது கடன் கொடுத்தவனுக்குத்தான் சேர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பிலுள்ள திவால் சட்டம் இவ்வளவு முரட்டுத்தனமாகப் பேசுவதில்லை. ஆனால் ஒரு வகைப் பணத்தைப் பொறுத்தவரை அதுவும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. வங்கி ஏமாற்றி விற்ற காப்பீட்டுக்காகப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் பணம் அது. நொடித்துப்போவதற்கு முன்பே பிறந்துவிட்ட உரிமை என்றென்றைக்கும் கடன் கொடுத்தவர்களுடையது. நொடித்தவர் விடுவிக்கப்பட்டுப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அதில் அவருக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது. அதிகாரிகளும் பெரும்பாலான சட்டக்காரர்களும் கடன் ஆலோசகர்களும் அங்கே சொல்லும் இந்தக் கருத்து பாதி சரி. சரியான பாதியின் தோளில் ஏறிக்கொண்டு தவறான பாதியும் ஊர்வலம் போகிறது என்பதுதான் என் வாதம்.

பி.பி.ஐ. என்ற மூன்றெழுத்தின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். கடன் வாங்கியவர் நோயில் விழுந்தாலோ வேலையை இழந்தாலோ தவணையைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும் என்பது இதன் வாக்குறுதி. பிரிட்டனில் 6.4 கோடி பாலிசிகள் வரை விற்கப்பட்டிருக்கலாம், பெரும்பாலானவை 1990க்கும் 2010க்கும் இடையே விற்கப்பட்டவை என்பது நிதி ஒழுங்காற்று அமைப்பான எஃப்.சி.ஏ. சொல்லும் கணக்கு. சுயதொழில் செய்பவர், ஓய்வு பெற்றவர், ஏற்கெனவே நோய் உள்ளவர் என்று இழப்பீடு கேட்கவே வழியில்லாதவர்கள் தலையிலும் அது கட்டப்பட்டது. பலருக்குத் தாங்கள் அதை வாங்கியிருப்பதே தெரியாது. பிரீமியம் முழுவதையும் கடன் தொகையோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டு வசூலித்த ஒப்பந்தங்கள் ஏராளம். பாரகன் என்ற நிதி நிறுவனம் தொடர்பான வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தபோது ஒரு விவரம் பளிச்சென்று வெளியே வந்தது: பிரீமியத்தில் 71.8 விழுக்காடு தரகாகவே போயிருக்கிறது, வாங்கியவரிடம் அதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2005இலேயே முறைப்படி புகார் எழுப்பியது. வங்கிகள் சங்கம் நீதிமன்றத்தில் எதிர்த்துப் போராடி 2011 ஏப்ரலில் தோற்றது. அதன் பிறகே பணம் வெள்ளமாகத் திரும்பத் தொடங்கியது. புகார் கொடுக்கக் கடைசி நாளான 2019 ஆகஸ்ட் 29 தாண்டியபின் கூட்டிப் பார்த்தால், 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பித் தரப்பட்டிருந்தது.

இந்தக் காலவரிசையில்தான் சிக்கல் இருக்கிறது. பாலிசி விற்ற ஆண்டு 2003 என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் 2006இல் நொடித்துப்போகிறார். 2007இல் விடுவிக்கப்படுகிறார். ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்து 2018இல் மனு போடுகிறார். வங்கி தவறை ஒப்புக்கொள்கிறது. பணம் யாருக்கு? 1986ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் விடை தெளிவானது. திவால் ஆணை பிறந்த நாளில் அவருக்கு இருந்த சொத்தெல்லாம் திவால் கணக்கில் சேர்கிறது. வழக்காடிப் பெறத்தக்க உரிமையும் சொத்துதான் என்கிறது 436ஆவது பிரிவு. 306ஆவது பிரிவின்படி அவையெல்லாம் எந்தப் பத்திரமும் எழுதாமலே பொறுப்பாளர் கைக்குப் போய்விடுகின்றன. பெரும்பாலும் அந்தப் பொறுப்பாளர் அரசு அதிகாரியான அஃபிஷியல் ரிசீவர். 281ஆவது பிரிவு விடுவிப்பைப் பற்றிப் பேசும்போதே, அது நொடித்தவரைக் கடனிலிருந்து விடுவிக்குமே தவிர பொறுப்பாளர் முடிக்க வேண்டிய வேலையை நிறுத்தாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஏமாற்று நடந்தது 2003இல். ஆகவே உரிமை பிறந்ததும் அப்போதே. ஆகவே 2018இல் வரும் காசோலை ரிசீவருக்கு. நொடித்தவர் அதை வாங்கிச் செலவழித்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதை எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்கு ஏற்புடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பிரீமியம் கட்டியது நான், திரும்பி வருவதும் எனக்கே' என்பது அந்தப் பதில். கேட்க நியாயமாகத் தோன்றும்; நிற்காது. நொடித்தவர் தன் காரையும் தன் காசில்தான் வாங்கினார், சேமிப்பையும் தன் உழைப்பில்தான் சேர்த்தார். அவை கடன் கொடுத்தவர்களிடம் போகும்போது இது மட்டும் எப்படித் தனித்து நிற்கும்? கடன்கள் அழிக்கப்படுவதற்கு ஈடாகக் கையிலிருப்பதை ஒப்படைக்க வேண்டும். திவால் என்ற ஏற்பாடே அதுதான். திவால் நடந்துகொண்டிருக்கும்போது, ரிசீவர் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது, இழப்பீடு கேட்கும் உரிமை கண்டுபிடிக்கப்பட்டால் அது கடன் கொடுத்தவர்களுக்கே போகட்டும். மேலே பாதி சரி என்றேனே, அந்தப் பாதி இது. கேள்வி அதற்குப் பிறகு வருகிறது: எதுவரை?

நடப்புக் கருத்தின் விடை 'எல்லையே இல்லை' என்பது. உரிமையின் பிறந்த தேதியைப் பார், அது திவால் தேதிக்கு முந்தியதா என்று பார், முடிந்தது கணக்கு என்கிறது அது. இதன் கவர்ச்சி இதன் எளிமை. ஆனால் திவால் சட்டமே இந்த எளிமையை நம்பவில்லை. எந்தெந்த இடத்தில் பிறந்த தேதிச் சூத்திரம் மனிதருக்குக் கொடுமையாகவோ முடிவற்ற இழுபறியாகவோ மாறியதோ, அந்தந்த இடத்திலெல்லாம் சட்டம் அதை வெட்டிக் குறுக்கியிருக்கிறது. இழப்பீட்டுப் பணம் மட்டுமே அந்தக் கத்தரிக்கோலுக்குத் தப்பிய மிச்சம்.

வீட்டை எடுத்துக்கொள்வோம். நொடித்தவருடைய சொத்துகளில் பெரும்பாலும் மிகப் பெரியது அதுதான். பிறந்த தேதிச் சூத்திரத்தின்படி பார்த்தால் அது முழுக்க முழுக்கக் கடன் கொடுத்தவர்களுடையது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வீட்டை விற்றால் அடமானம் போக ஒன்றும் மிஞ்சாது என்று பொறுப்பாளர்கள் கோப்பை மூடி வைப்பார்கள். பத்தாண்டு கழித்து வீட்டு விலை ஏறியதும் கதவைத் தட்டுவார்கள். அதற்குள் அந்தக் குடும்பம் ஒழுங்காகத் தவணை கட்டி வாழ்ந்திருக்கும். இந்த அநியாயத்தை நாடாளுமன்றம் பொறுக்கவில்லை. 2002ஆம் ஆண்டு என்டர்பிரைஸ் சட்டத்தின் வழியாக 283ஏ என்ற பிரிவு புகுத்தப்பட்டு, 2004 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. திவால் ஆணையிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பொறுப்பாளர் அந்த வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்காவிட்டால், அது தானாகவே நொடித்தவருக்குத் திரும்பிவிடும். நொடித்தவர் அப்படியொரு வீடு இருப்பதையே மூன்று மாதத்துக்குள் சொல்லாவிட்டால், மூன்றாண்டுக் கணக்கு பொறுப்பாளருக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஓடும். நேர்மையானவருக்கு முடிவு, மறைத்தவருக்கு முடிவில்லை. இதைவிட அழகாக ஒரு சமரசத்தை எழுத முடியாது. இரண்டு லட்சம் பவுண்டு வீட்டுக்குப் பொருந்தும் இந்த நியாயம் மூவாயிரம் பவுண்டு இழப்பீட்டுக்கு ஏன் பொருந்தாது என்ற கேள்விக்கு நடப்புக் கருத்திடம் பதிலில்லை.

வருமானத்திலும் இதே மூன்றுதான். நொடித்தவருக்குக் குடும்பச் செலவு போக மிஞ்சும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்ள 310ஆவது பிரிவு வழி தருகிறது. ஆனால் மூன்று ஆண்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது. திவால் காலத்தில் புதிதாகக் கைக்கு வரும் சொத்தைப் பொறுப்பாளர் கோரலாம். விடுவிப்புக்குப் பிறகு வருவதைத் தொட முடியாது. இதன் விளைவைக் கூர்ந்து பாருங்கள். விடுவிக்கப்பட்ட மறுநாள் ஒருவருக்கு லாட்டரியில் பத்து லட்சம் பவுண்டு விழுந்தால் அது முழுக்க அவருடையது. பழைய கடன்காரர் யாரும் வாய் திறக்க முடியாது. அதே மனிதருக்கு, வங்கி பதினைந்து ஆண்டுக்கு முன் ஏமாற்றிப் பிடுங்கிய மூவாயிரம் பவுண்டை ஒப்புக்கொண்டு திருப்பித் தந்தால் அதில் ஒரு பென்னியும் அவருடையதல்ல. அதிர்ஷ்டம் தந்தது அவருக்கு, அநியாயம் பறித்தது மற்றவருக்கு. இந்த முடிவை எந்த நியாயத் தராசில் வைத்தாலும் முள் நேராக நிற்காது.

பிறந்த தேதி மட்டும் போதாது என்பதற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. ஒருவருடைய உடலுக்கோ மனத்துக்கோ பெயருக்கோ நேர்ந்த கேட்டுக்கான உரிமை, அது திவாலுக்கு முன்பே பிறந்திருந்தாலும், கடன் கொடுத்தவர்களிடம் போகாது என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருந்தன. விபத்தில் அடிபட்டவரின் வழக்கைப் பொறுப்பாளரே நடத்தினாலும், இழந்த சம்பளத்துக்கான ஈடு மட்டுமே கணக்கில் சேரும், பட்ட வலிக்கான தொகை அடிபட்டவருடையது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் சொன்னது. அங்கீகரிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டங்களை 2000ஆம் ஆண்டு மே 29 முதல் சட்டமே திவால் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. தொழில் செய்யும் கருவிகள், வீட்டுப் பாத்திரம், கட்டில் ஆகியவற்றுக்கு எப்போதுமே விலக்கு உண்டு. பி.பி.ஐ. இழப்பீடு இந்த விலக்குகளில் எதிலும் சேராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது வலிக்கான ஈடு அல்ல, பணத்துக்கான ஈடு. ஆனால் இந்த வரிசை ஒன்றை நிரூபிக்கிறது: தேதி என்பது சட்டம் கேட்கும் கேள்விகளில் ஒன்றே தவிர கடைசிக் கேள்வி அல்ல. என்ன சொத்து, எதற்காக வந்தது, எவ்வளவு காலம் ஆயிற்று என்றெல்லாம் கேட்ட பிறகே அது முடிவு செய்கிறது.

சரி, 'கடன் கொடுத்தவர்களுக்கே' என்று சொல்லி எடுக்கப்படும் பணம் உண்மையில் எங்கே போகிறது? கணக்குக்காக ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். நொடித்தவர் முன்பே கட்டித் தீர்த்துவிட்ட ஒரு கடனில் பி.பி.ஐ. இருந்தது, வங்கி 3,500 பவுண்டு தர ஒப்புக்கொள்கிறது. கட்டிய பிரீமியம், அதன் மேல் வசூலித்த வட்டி, அதற்கு மேல் ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டி என்பதே வழக்கமான கணக்கு. 2016ஆம் ஆண்டுக் கட்டண ஆணைப்படி, திரட்டிய தொகையில் 15 விழுக்காடு பொறுப்பாளர் கட்டணம். அதாவது 525 பவுண்டு. மிச்சம் 2,975. ஏற்கெனவே வசூலாகாமல் நிற்கும் நிர்வாகக் கட்டணம் இருந்தால் கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் அதுவும் கழியும். கடனாளி தானே விண்ணப்பித்த திவாலுக்கு அதே ஆணையில் அது 1,990 பவுண்டு. அந்தப் பாக்கி எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மொத்தக் கடன் 35,000 என்றால், பவுண்டுக்கு எட்டரை பென்ஸ் கிடைக்கும். 400 பவுண்டு கூலி பாக்கியோடு நிற்கும் குழாய் மேஸ்திரிக்கு இதில் வருவது 34 பவுண்டு. பெரும்பகுதி கிரெடிட் கார்டு நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும், பழைய கடன்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் போகும். ஏமாற்றி விற்ற வங்கியே வேறொரு கணக்கில் கடன் கொடுத்திருந்தால் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

பணம் மீந்தால் நொடித்தவருக்குத் திரும்பி வருமே என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. 330ஆவது பிரிவில் அப்படி எழுதித்தான் இருக்கிறது. ஆனால் கடன்கள் முழுதாக அடைந்த பிறகு, திவால் தேதியிலிருந்து ஓடும் சட்டப்பூர்வ வட்டியும் அடைய வேண்டும். அதன் விகிதம் குறைந்தது 8 விழுக்காடு. பன்னிரண்டரை ஆண்டில் தனிவட்டியே முதலுக்குச் சமமாகிவிடும். நம் உதாரணத்தில் 35,000 கடன் அப்போது 70,000 ஆகிவிடும். பழைய இழப்பீடு எவ்வளவு தாமதமாக வருகிறதோ, நொடித்தவரின் பங்கு அவ்வளவு எட்டாக் கனியாகிறது. தாமதத்துக்குக் காரணமான வங்கிக்கு இதனால் எந்தத் தண்டனையும் இல்லை. தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் ஏமாற்றப்பட்டவர்தான்.

இழப்பீட்டுப் பணம் வங்கிக்கே திரும்பிப்போக இன்னொரு வழியும் இருக்கிறது. அது இதைவிட நேரடியானது. இழப்பீடு தர வேண்டிய வங்கியிடமே நொடித்தவருக்குக் கடன் பாக்கி இருந்திருந்தால், 323ஆவது பிரிவின்படி ஒன்றை ஒன்றில் கழித்துவிட வேண்டும். வலது கையால் எழுதிய காசோலையை வங்கி இடது கையால் வாங்கிக்கொள்கிறது. இதில் ஒரு பகுதியை நான் எதிர்க்கவில்லை. பி.பி.ஐ. சேர்ந்த அதே கடன் அடையாமல் நின்றிருந்தால், கட்டாத பிரீமியத்தை ரொக்கமாகத் திருப்பிக் கேட்பதில் நியாயமில்லை. பாக்கியில் கழிவதே சரி. 'கடன் வாங்கிய காசில் கட்டிய பிரீமியத்தைத் திருப்பி வாங்கி லாபம் பார்க்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டுக்கும் இதுவே விடை: கட்டாததற்கு ஈடு இல்லை, கட்டியதற்கு மட்டுமே உண்டு. ஆனால் கட்டித் தீர்த்த ஒரு கடனில் செய்த தவறுக்கான ஈட்டை, பல ஆண்டுக்கு முன் சட்டமே அழித்துவிட்ட இன்னொரு கடனில் கழிப்பது வேறு விஷயம். அங்கே தவறு செய்தவர் தன் தவறுக்குத் தானே நிவாரணம் பெறுகிறார்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது கனமானது: கடன் கொடுத்தவர்களும் இழந்தவர்கள்தானே? அந்தக் குழாய் மேஸ்திரி என்ன பாவம் செய்தார்? ஒரு பாவமும் செய்யவில்லை. அவருக்கு 34 பவுண்டு சிறு தொகை என்பதால் அவர் உரிமையும் சிறியது என்று நான் வாதிட மாட்டேன். நான் கேட்பது வேறு. அவர் அந்த வேலையைக் கடனாகச் செய்து கொடுத்துவிட்டு வழக்குப் போடாமல் இருந்திருந்தால், ஆறு ஆண்டில் அவருடைய உரிமை காலாவதியாகியிருக்கும். குடிமை வழக்குகளில் எவருடைய கோரிக்கைக்கும் சட்டம் ஒரு கால எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லையில் யாரோ ஒருவர் தன் நியாயமான பணத்தை இழக்கிறார். அதை அநியாயம் என்று நாம் சொல்வதில்லை, வாழ்க்கை நகர வேண்டும் என்கிறோம். கடனாளி நொடிக்காமல் தலைமறைவாகியிருந்தால் ஆறு ஆண்டில் முடிந்துபோகும் உரிமை, அவர் நேர்மையாகத் திவாலுக்கு விண்ணப்பித்து எல்லாவற்றையும் ஒப்படைத்ததால் முடிவற்றதாக ஆகிறது என்றால், அந்தச் சட்டம் நேர்மைக்குத்தான் அபராதம் போடுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் தந்திரத்தைப் பற்றியது. மூன்று ஆண்டு என்று எல்லை வைத்தால், விஷயம் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார், நாலாம் ஆண்டு மனு போடுவார் என்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். வீட்டு விஷயத்தில் இதே பயம் இருந்தது. தெரிந்து மறைத்தவருக்குக் காலக்கணக்கு ஓடாது என்று ஒரே ஒரு வரி எழுதிச் சட்டம் அதைத் தீர்த்துவிட்டது. அதே வரியை இங்கேயும் எழுதலாம். ஆனால் பி.பி.ஐ. விஷயத்தில் அறியாமையின் பெரும்பங்கு யாருடையது என்பதை மறக்கக் கூடாது. விற்றதை மறைத்தது வங்கி. தரகை மறைத்தது வங்கி. புகார் எழுந்த பிறகும் ஆறு ஆண்டு இழுத்தடித்து நீதிமன்றம் வரை போனது வங்கிகள். நொடித்தவருடைய கடன் பத்திரங்களைக் கேட்டு வாங்கவும், அவரை விசாரிக்கவும் அதிகாரம் பெற்ற ரிசீவருக்கே தென்படாத ஒன்றை, வேலை போய் வீடு போய் நிற்கும் ஒருவர் கண்டுபிடித்துப் பதுக்கிவைத்தார் என்று சந்தேகிப்பதற்கு அசாத்தியக் கற்பனை வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம், நீதிமன்றங்கள் இதை முடித்துவிட்டனவே என்பது. முடித்திருப்பது உண்மை, ஆனால் ஒரே திசையில் அல்ல. திவாலுக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர்களோடு செய்துகொள்ளும் ஐ.வி.ஏ. என்ற உடன்பாட்டில், எல்லாம் நிறைவேறியது என்று சான்று கொடுத்த பிறகு வந்த பி.பி.ஐ. பணமும் கடன் கொடுத்தவர்களுக்கே என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொன்னது. அடுத்த ஆண்டு அக்டோபர் 31 அன்று, ஸ்காட்லாந்திலிருந்து வந்த டூனீன் வழக்கில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் நேர்மாறாக முடித்தது. அங்கே கடனாளி எழுதிக் கொடுத்த டிரஸ்ட் பத்திரத்தின்படி பொறுப்பாளர் 'இறுதிப் பங்கீடு' செய்து முடித்து, கடனாளியையும் விடுவித்திருந்தார். பல ஆண்டுக்குப் பிறகு பெருந்தொகையாக பி.பி.ஐ. இழப்பீடு வந்தது. இறுதி என்றால் இறுதிதான், யாருக்கும் தெரியாத சொத்து ஒன்று மறைந்திருந்தது என்பதற்காக முடிந்த டிரஸ்ட் உயிர்த்தெழாது, பணம் கடனாளிக்கே என்றது தீர்ப்பு. இது ஒரு பத்திரத்தின் வாசகத்தைப் பற்றிய தீர்ப்பு. இங்கிலாந்துத் திவால் சட்டத்தை இது மாற்றவில்லை. ஆகவே இதைக் காட்டி வழக்கில் வெல்ல முடியாது. ஆனால் நடப்புக் கருத்து எச்சரிக்கும் பேரழிவு ஒன்றும் அந்தத் தீர்ப்பால் நிகழவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஸ்காட்லாந்து வங்கிகள் அதன் பிறகு கடன் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை.

அப்படியானால் விதி எப்படி இருக்க வேண்டும்? புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 283ஏ பிரிவை இழப்பீட்டு உரிமைகளுக்கும் நீட்டினால் போதும். திவால் ஆணையிலிருந்து மூன்று ஆண்டுக்குள் ரிசீவர் ஓர் இழப்பீட்டு உரிமையைக் கண்டறிந்து கோரினால் அது கடன் கொடுத்தவர்களுக்கு. கோராவிட்டால் அந்த உரிமை நொடித்தவருக்குத் திரும்பிவிடும். அவர் தெரிந்தே மறைத்தார் என்று ரிசீவர் நிரூபித்தால் காலக்கணக்கு தெரியவந்த நாளிலிருந்து தொடங்கும். அதே கடனின் பாக்கியில் கழிப்பது தொடரலாம். அழிந்துபோன மற்றக் கடன்களில் கழிப்பது கூடாது. இந்த விதியில் சில கடன் கொடுத்தவர்கள் சில பென்ஸ் இழப்பார்கள். பதிலுக்கு, விடுவிப்பு என்ற சொல்லுக்கு அதன் பொருள் திரும்பக் கிடைக்கும்.

இது முடிந்துபோன பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. கார் கடன்களில் விற்பனையாளருக்கு ரகசியமாகக் கொடுத்த தரகு பற்றி 2025 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையடுத்து எஃப்.சி.ஏ. முன்வைத்த இழப்பீட்டுத் திட்டம் 2007 ஏப்ரலிலிருந்து 2024 நவம்பர் வரையிலான ஒப்பந்தங்களைத் தொடுகிறது. அந்தப் பதினேழு ஆண்டில் கார் வாங்கி, பிறகு நொடித்து, விடுவிக்கப்பட்டு, மறுபடி எழுந்து நிற்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடமும் அதே பழைய கோப்பு மறுபடி திறக்கப்படும்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டமும்தான் தனிநபர் திவாலை இன்னும் ஆள்கின்றன. அவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டிய 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 138ஆவது பிரிவு ஓராண்டில் விடுவிப்பு என்கிறது. 139ஆவது பிரிவோ, விடுவிப்பு பொறுப்பாளரின் வேலையைப் பாதிக்காது என்று ஆங்கிலச் சட்டத்தின் வாசகத்தை அப்படியே அடியொற்றுகிறது. வீட்டுக் கடனோடு காப்பீட்டையும் தலையில் கட்டும் வழக்கம் நம் வங்கிகளுக்கும் புதிதல்ல. நாளை அந்தப் பணம் திரும்பி வரும் காலம் வந்தால், இங்கேயும் இதே கேள்வி எழும். மூலத்தில் வீட்டுக்காகப் பின்னால் போட்ட ஒட்டு, நகலில் இழப்பீட்டுக்காக முன்கூட்டியே போடப்பட வேண்டும். சட்டம் நொடித்தவரிடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாம். எதுவரை வாங்குவோம் என்பதை மட்டும் வாங்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.